பாவாவுக்கு ரத்தம் ஊறிய நாள்

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் டெங்கு வந்தது. ஒருவன் நான். இன்னொருவர் என் அக்கா வீட்டுக்காரர், என் பாவா. அப்போது நான் செய்த ஒரு தவறைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதில் பாதி தெரியாமல் செய்தது. மீதிப் பாதியை அப்படிச் சொல்ல முடியாது. எழுதி முடிப்பதற்குள் அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் சென்னையில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். மனைவி போன பிறகு பெரிய வீட்டில் தனியாக இருந்தேன். ஒரு நாள் அக்கா வந்தாள். சமையலறையைத் திறந்து பார்த்தாள். "இதான் நீ பொழைக்கிற லட்சணமா? பெட்டியைக் கட்டுடா" என்றாள். அன்றிலிருந்து திருத்தணியில் அவர்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். சாப்பாடு, பேப்பர், சண்டை எல்லாம் கீழே.

பாவாவுக்குப் பொதட்டூர்பேட்டையில் விசைத்தறிகள் இருந்தன. மகளைப் பெங்களூரில் கட்டிக் கொடுத்ததும், ரயில் பக்கமாக இருக்கட்டும் என்று தறிகளை விற்றுவிட்டு இங்கே வந்து வீடு கட்டினார். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்ததால் காது மந்தம். யார் வந்தாலும் முதலில் அவர்கள் சட்டை நுனியை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்ப்பார். பேங்க் மேனேஜர் ஆனாலும் சரி, கேஸ் சிலிண்டர் போடுகிறவர் ஆனாலும் சரி. என் சட்டையைப் பிடித்து, "இன்னா புரொபசரே, பாலியஸ்டர் போட்டுகினு சுத்தற? வேர்க்கல?" என்று கேட்காத கோடை இல்லை.

இந்தப் பக்கத்தில் அக்கா புருஷனைப் பாவா என்று கூப்பிடுவது வெறும் முறைக்காக இல்லை. அவர் வீட்டுக்கு வந்தால் எழுந்து நிற்க வேண்டும். அவர் பையை வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் இலையில் விழுந்த பிறகுதான் நம் இலையில் கறி விழும். அக்காவின் கல்யாணத்தில், பெண்ணின் தம்பி என்ற முறையில், மாப்பிள்ளையின் காலைப் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்துக் கழுவி மோதிரம் போட்டவன் நான். அப்போதுதான் கல்லூரியில் படிக்கச் சேர்ந்திருந்தேன். எல்லோரும் பார்க்கிறார்களே என்று கூச்சம். அவசரமாகக் கழுவினேன். பாவா கால் விரலால் தண்ணீரைச் சுண்டி என் முகத்தில் அடித்து, "குதிகாலை யாரு கழுவறது, உங்க தாத்தாவா?" என்றார். பந்தலே சிரித்தது.

அந்தக் குதிகால் ஐம்பது வருடமாக என்னைத் துரத்தியது. நான் டாக்டர் பட்டம் வாங்கியதைச் சொல்ல இனிப்போடு போனபோதும், "எல்லாம் சரி மச்சான், குதிகால் பாக்கி இருக்குது" என்றுதான் சொன்னார். நானும் ஒவ்வொரு தடவையும் சிரித்தேன். அவர் மேல் எனக்குப் பிரியம் அதிகம். அப்பா இல்லாத வீட்டில் என் கல்லூரிப் படிப்பு நிற்காமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான். ஆனாலும் சிரிப்புக்கு அடியில் ஒரு சின்ன முள் கிடந்தது. இத்தனை படித்தும் இவர் முன்னால் எழுந்து நிற்கிறவனாகவே இருக்கிறேனே என்ற முள்.

அந்த வருடம் ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்தது. மலையடிவாரத் தெருக்களில் வீட்டுக்கு ஒருவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடந்தார்கள். முதலில் எனக்குக் காய்ச்சல் வந்தது, மறுநாளே பாவாவுக்கும். கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பெல்லாம் உலக்கையால் இடித்த மாதிரி. மாடியில் என் ஜன்னலோரம் பாட்டிலில் நான் வளர்க்கும் மணிபிளான்ட்தான் காரணம் என்று பாவா தீர்ப்புச் சொன்னார். "கொசுவுக்கு ரூம் போட்டுக் குடுத்து, தண்ணியும் வெச்சிருக்கான் என் மச்சான்."

மூன்று பேருமாக ஆட்டோவில் போனோம். பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன தனியார் மருத்துவமனை. டாக்டரம்மா நடுத்தர வயது, அதிகம் பேசாதவர். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் இருவருக்கும் டெங்கு என்று வந்தது. இப்போதைக்குப் படுக்கையில் சேர்க்க வேண்டியதில்லை, தினமும் ரத்தப் பரிசோதனை செய்து ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்றார். அதோடு என்னைப் பார்த்துச் சொன்னார்: "சார், நீங்க படிச்சவங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்து நீங்கதான் பாத்துக்கணும். காய்ச்சல் விட்டுடுச்சுன்னா சரியாயிடுச்சுன்னு நெனைக்காதீங்க. விடற நேரத்துலதான் ஜாக்கிரதையா இருக்கணும். வயித்து வலி, வாந்தி, யூரின் கம்மியா போறது, கை கால் ஜில்லுன்னு ஆகறது, எது இருந்தாலும் உடனே கூட்டிக்கினு வாங்க."

அக்கா வெளியே மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாவா காதில் கையை வைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"இன்னா சொல்றாங்க?"

"தண்ணி நெறைய குடிக்கச் சொல்றாங்க பாவா."

டாக்டர் சொன்னது முழுவதையும் அந்த ஒரு வரிக்குள் அடக்கிவிட்டேன். எனக்குக் காய்ச்சல், உடம்பு வலி, கத்திப் பேச அலுப்பு. வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அந்தப் பருவத்தில் ஊரே ஒரு வார்த்தையைத்தான் பேசிக்கொண்டிருந்தது. கவுண்ட். ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்களின் எண்ணிக்கை. பால் வாங்கப் போனால், "கவுண்ட் எவ்ளோ சார்?" பழக்கடையில் மாதுளையை எடுத்தாலே, "யாருக்கு? கவுண்ட் எவ்ளோ?" தன் மாமியாருக்கு இருபதாயிரத்துக்குப் போய்த் திரும்பியது என்று ஒருவர் சொன்னபோது, அந்த அம்மாள் ஏதோ மாநில அளவில் பரிசு வாங்கியது போல இருந்தது. பெங்களூரிலிருந்து அக்கா மகள் சாயங்காலமானால் வீடியோவில் வருவாள். எப்படி இருக்கீங்க என்றெல்லாம் இல்லை. "ரெண்டு பேரும் கவுண்ட் சொல்லுங்க" என்பாள்.

என் கவுண்ட் விழுந்தது. முதல் ரிப்போர்ட்டில் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தது அறுபதாயிரத்துக்கு வந்தது. பாவாவுக்கும் இறங்கியது, ஆனால் மெல்ல. ஆகவே வீட்டில் நோயாளி யார் என்பது முடிவாகிவிட்டது. நான் மாடிப்படி ஏறக்கூடாது என்றாள் அக்கா. கூடத்தில் ஜன்னல் ஓரம், மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த பாவாவின் கட்டில் எனக்கு வந்தது. வேறு யாரும் அதில் உட்கார்ந்துகூட நான் பார்த்ததில்லை. பாவா தானே தலையணை உறையை மாற்றிப் போட்டார்.

"ஐயோ, வேணாம் பாவா. நான் கீழ படுத்துக்கறேன்."

"படுய்யா. கவுண்ட் கம்மியானவனுக்குத்தான் கட்டிலு. நாளைக்கு எனக்கு எறங்கினா காலி பண்ணிடணும், ஆமா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு நடந்தது எல்லாம் தலைகீழ். பாவா இளநீர் வாங்கி வந்தார். பின் தெருவில் யார் வீட்டிலோ கேட்டுப் பப்பாளி இலை பறித்து வந்தார். அக்கா அதை இடித்துப் பிழிந்து கொடுப்பாள். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பதைப் பார்க்க பாவா நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டுக்கொள்வார். "மூஞ்சியைப் பாரு, மூஞ்சியைப் பாரு. கெமிஸ்ட்ரி லேப்புல இன்னாத்தையெல்லாம் மோந்து பாத்தவன்!" அவருக்கும் காய்ச்சல் இருந்தது. ஆனால் அவர் எண் பெரிய எண். பெரிய எண் உள்ளவருக்குக் கட்டிலும் கிடையாது, கேள்வியும் கிடையாது.

பிறகு இருவருக்குமே காய்ச்சல் விட்டது. எனக்கு முந்தின நாள், பாவாவுக்கு அன்று விடியற்காலை. வேர்த்துக் கொட்டி, சட்டையெல்லாம் நனைந்து, நெற்றி குளிர்ந்திருந்தது. அக்கா மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். காலையில் லேப்பிலிருந்து வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் இருவர் ரிப்போர்ட்டும் என் போனுக்கு வந்தது.

"எவ்ளோடா?" என்றாள் அக்கா.

"எனக்கு முப்பத்தெட்டாயிரம்."

"ஐயையோ. அவருக்கு?"

"தொண்ணூத்தி நாலு."

"ஆங், அவரு தப்பிச்சாரு." அவள் போனை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. எண்களும் நிறங்களும் தெரியும். "இவரோட காயிதத்துல சேப்பா ஒண்ணு போட்டுகினு இருக்கே, இது இன்னா?"

பார்த்தேன். பாவாவின் ஹீமோகுளோபின் பதினேழைத் தாண்டியிருந்தது. அதற்குக் கீழே பி.சி.வி. என்ற வரி, ரத்தத்தில் அணுக்கள் எத்தனை பங்கு என்று காட்டுவது. அது ஐம்பத்திரண்டு. முதல் நாள் ரிப்போர்ட்டில் பதினாலும் நாற்பத்தொன்றும் இருந்தது எனக்கு நினைவு வந்தது. நினைவு வந்தது என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். இரண்டு எண்களும் அருகருகே என் மனதில் நின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டே நான் சொன்னேன்: "அது ரத்தம்கா. ஹீமோகுளோபின். பாவாவுக்கு நல்லா ஊறியிருக்கு. பதினேழு!"

அக்காவின் முகம் மலர்ந்ததை என்னால் மறக்க முடியவில்லை. வாழ்நாள் முழுக்க எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், ரத்தம் ஒன்பதுதான் இருக்கு, பத்துதான் இருக்கு, முருங்கைக் கீரை சாப்பிடும்மா, பேரீச்சம்பழம் சாப்பிடும்மா என்று திட்டு வாங்கி வந்தவள் அவள். அவளுக்குப் பதினேழு என்பது செல்வம்.

"காய்ச்சல்லகூட ஊறுமாடா?"

"உன் கை சமையல்."

"இவ போட்ட சோத்துக்கு இருவது வந்திருக்கணும்யா," என்றார் பாவா நாற்காலியிலிருந்து. குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. மூவரும் சிரித்தோம்.

ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்ட வேண்டுமே என்று அக்கா கேட்டாள். எனக்குத்தான் குறைச்சல், சாயங்காலம் நான் போய்க் காட்டுகிறேன், பாவா எதற்கு அலைய வேண்டும் என்றேன். உள்ளதைச் சொல்கிறேன். முப்பத்தெட்டாயிரம் என்ற எண்ணில் எனக்குப் பயமும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது. டாக்டர் முன்னால் அந்த எண்ணோடு நான் மட்டும் போய் உட்கார நினைத்தேன்.

மத்தியானம் பாவா சாப்பிடவில்லை. இரண்டு வாய் ரசஞ்சாதத்தோடு தட்டைத் தள்ளினார். "வயிறு கிண்ணுனு இருக்குது," என்றார். பப்பாளி இலை வாடையிலேயே உட்கார்ந்திருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று அக்கா சொல்லிவிட்டுப் பாத்திரத்தை எடுத்துப் போனாள். நான் கட்டிலில் படுத்துக் காலை நீட்டி, "கெண்டைக்கால்தான் இன்னும் விடல" என்று முனகினேன். யாரையும் உத்தேசித்துச் சொல்லவில்லை என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. பாவா நாற்காலியில் இருக்கிறார் என்று தெரிந்தேதான் முனகினேன்.

அவர் எழுந்து வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். என் காலை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார்.

"பாவா, இன்னா பண்றீங்க! விடுங்க."

"சும்மா இருய்யா. அன்னிக்கு நீ கழுவின இல்ல? இன்னிக்கு நான் புடிக்கிறேன். கணக்கு நேர். அந்தக் குதிகால் மட்டும் பாக்கி."

பிடித்துவிட்டார். என் அக்கா புருஷன், என்னைவிட எட்டு வயது மூத்தவர், என் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டார். அவர் கை சில்லென்று இருந்தது. பானையில் அளைந்துவிட்டு வந்த கை போல. நாள் கணக்கில் காய்ச்சலில் வெந்த காலுக்கு அந்தக் குளிர்ச்சி எவ்வளவு இதமாக இருந்தது என்று சொல்ல முடியாது.

"கை ஜில்லுனு இருக்குது பாவா. நல்லா இருக்கு."

"ஆங்," என்றார். அவர் ஒரு வார்த்தையோடு நிறுத்துகிறவரே இல்லை.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு இன்னொரு காலையும் நீட்டினேன்.

இதுதான் அந்த மீதிப் பாதி. அகங்காரம் என்றால் பெரிய வார்த்தையாகிவிடும். பழிவாங்கல் என்றால் அதைவிடப் பெரிது. ஐம்பது வருடம் எழுந்து நின்றவனுக்கு ஒரு நாள் படுத்துக்கொள்ளக் கிடைத்தது. அதைக் கொடுத்தது ஒரு எண். அந்த எண் தவறாகப் பேசுகிறது என்று யாராவது சொல்லியிருந்தாலும், அந்த நிமிடத்தில் நான் கேட்டிருப்பேனா தெரியவில்லை.

அக்கா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். எங்களைப் பார்த்தாள். கால் பிடிப்பதைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறாள் என்று கூச்சத்தோடு காத்திருந்தேன். அவள் வேறு கேட்டாள்.

"இன்னாங்க, காலையிலேர்ந்து நீங்க ஒண்ணுக்குப் போனதையே நான் பாக்கலியே?"

பாவா ஒண்ணுக்குப் போவது எங்கள் குடும்பத்தின் பழைய வேடிக்கை. வயதான பிறகு அவரால் ஒரு பஸ் பயணம் தாங்க முடியாது. ஆர்.கே.பேட்டைக்குப் போகும் வழியில் அவருக்காகவே வண்டியை ஓரம் கட்டிய கண்டக்டர் உண்டு. வீட்டில் குளியலறைக் கதவு கிரீச்சிடும் சத்தத்தை வைத்தே அவர் எங்கிருக்கிறார் என்று அக்கா சொல்லிவிடுவாள். அன்று காலையிலிருந்து கதவு கிரீச்சிடவில்லை.

"வந்தா போவேன். வரல. அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற?" என்றார் பாவா. நாக்கு குழறியது போலிருந்தது.

நான் கண்ணைத் திறந்தேன். அவர் கை இன்னும் என் காலின் மேலேயே இருந்தது. பிடிக்கவில்லை, வெறுமனே கிடந்தது. சில்லென்று. டாக்டரம்மா சொன்னது வரிசையாக நினைவுக்கு வந்தது. வயிறு. சிறுநீர். கை கால். காய்ச்சல் விடுகிற நேரம். கூடவே அந்த இரண்டு எண்களும். ஒரு கரைசலிலிருந்து தண்ணீர் போய்விட்டால் மிச்சம் அடர்த்தியாகும் என்று பணிக்காலம் முழுவதும் கரும்பலகையில் எழுதியவன் நான். பாவாவுக்கு ரத்தம் ஊறவில்லை. வற்றிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஆட்டோ கூப்பிடு" என்று நான் போட்ட சத்தம் பாவாவுக்கே கேட்டது.

மருத்துவமனையில் டாக்டரம்மா முதலில் ரிப்போர்ட்டைக் கேட்கவில்லை. பாவாவின் பாதத்தைத் தொட்டார். விரல் நகத்தை அழுத்திவிட்டு, நிறம் திரும்புகிறதா என்று பார்த்தார். வயிற்றைத் தொட்டதும் பாவா முகம் சுளித்தார். ரத்த அழுத்தத்தில் மேல் எண்ணும் கீழ் எண்ணும் நெருங்கி வந்திருந்தன. அதன் பிறகுதான் என் போனை வாங்கினார்.

"இது காலையில வந்தது. யாரு பாத்தீங்க?"

"நான்தான்."

"இந்த ஐம்பத்திரண்டைப் பாக்கலியா?"

"பாத்தேன். நல்ல ரத்தம்னு சொன்னேன்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். கோபப்படக்கூட அவருக்கு நேரமில்லை. ஊசி குத்த நரம்பு தேடிக்கொண்டே பேசினார். "ரத்தக் குழாய்லேர்ந்து தண்ணி கசிஞ்சு வயித்துப் பக்கம் சேருது. உள்ள இருக்கற ரத்தம் கெட்டியாகுது. அதான் இந்த ரெண்டு நம்பரும் ஏறுது. உங்களுக்கு முப்பத்தெட்டாயிரம். ஆனா எங்கயும் ரத்தம் கசியல, உங்க பி.சி.வி. அப்படியே நிக்குது, சாப்பிடறீங்க, நடக்கறீங்க. உங்களைப் பத்தி எனக்கு பயமில்ல. பயமெல்லாம் இவரைப் பத்திதான்."

எவ்வளவு பயம் என்று அக்கா கேட்டாள். டாக்டரம்மா மறைக்கவில்லை. சலைனை அளந்துதான் ஏற்ற முடியும். கசிகிற குழாயில் அதிகமாகக் கொட்டினால் நுரையீரலில் தேங்கும், வயசானவர். குறைத்தாலும் ஆபத்து. சாயங்காலத்துக்குள் சிறுநீர் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் சென்னைக்கு அனுப்ப வேண்டியிருக்கும், வண்டிக்குச் சொல்லி வைக்கிறேன். போகிற வழியில் எப்படி இருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது.

அந்தப் பகல் மெல்ல நகர்ந்தது. பாவா கண்ணை மூடிக் கிடந்தார். அக்கா ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோயில் பிரசாதத்தைப் போல இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தாள். நான் கட்டிலின் கால்மாட்டில் இருந்தேன். எனக்கும் ஒரு படுக்கை தருவதாக நர்ஸ் சொன்னார்; வேண்டாம் என்றேன்.

"ஏன்டா," என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல். "ஒண்ணுக்குப் போகலன்னா கூட்டிக்கினு வரச் சொல்லி டாக்டரம்மா அன்னிக்கே சொன்னாங்களாமே?"

"சொன்னாங்கக்கா."

"உங்கிட்டயா?"

"எங்கிட்டதான்."

"நீ எங்ககிட்ட சொல்லல."

"சொல்லல."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். போர்வைக்குள் கையை விட்டு அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "கால் சில்லுனு கெடக்குது பாரு. தேய்," என்றாள்.

தேய்த்தேன். போர்வையை விலக்கி, அவர் பாதத்தை மடிமேல் வைத்து, உள்ளங்கைச் சூட்டை அதற்கு ஏற்ற முயன்றேன். விரல்கள், புறங்கால், கணுக்கால். அந்தப் பாதத்தை நான் தொட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இளவயதில் கைத்தறி மிதித்து நகம் தடித்த பெருவிரல். அன்று என் முகத்தில் தண்ணீர் சுண்டிய அதே விரல். அவர் இல்லாமல் போனால், கேலி செய்ய ஆளில்லாமல் நான் யார் முன்னால் எழுந்து நிற்பேன் என்று தோன்றியது. அந்த முள்ளை அன்றைக்குத் தேடிப் பார்த்தேன். அது எங்கே போனதென்றே தெரியவில்லை.

இடையில் ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். ஐம்பத்திரண்டு ஐம்பதானது. டாக்டரம்மா தலையை லேசாக ஆட்டிவிட்டு, "இறங்குது. ஆனா யூரின் வரணும்" என்று சொல்லிப் போனார். வெளியே ஆம்புலன்ஸ் வந்து நின்று விட்டது என்று யாரோ சொன்னார்கள்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்குகிற சமயம், என் கையில் இருந்த பாதம் அசைந்தது.

"மச்சான்."

"இன்னா பாவா?" குனிந்தேன்.

கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "குதிகாலு."

குதிகாலை இரண்டு கையாலும் அழுந்தப் பிடித்துத் தேய்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் வலது கை மெல்ல நகர்ந்து படுக்கை விரிப்பின் ஓரத்தைத் தேடியது. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அதைத் தேய்த்துப் பார்த்தார்.

"இது நம்ம ஊர்த் துணி இல்ல," என்றார். "கஞ்சி ஜாஸ்தி." பிறகு கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்து, "இந்தாமா, அதை இப்படிக் குடு. வர்ற மாதிரி இருக்குது" என்றார்.

அக்கா முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு நின்றாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு அந்தச் சத்தம். எத்தனையோ இடத்தில் பஸ்ஸை நிறுத்தி எங்களைக் கூச்சப்பட வைத்த அதே சமாச்சாரம், அந்த அறையில் நாதஸ்வரம் போலக் கேட்டது. அக்கா பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "நர்ஸம்மா! நர்ஸம்மா!" என்று அதை ஏந்திக்கொண்டு வராந்தாவில் ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. போகும்போது அழுதுகொண்டே சிரித்தாளா, சிரித்துக்கொண்டே அழுதாளா என்று தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் காலியாகத் திரும்பியது. அதற்கப்புறம் நாற்பத்தாறு, நாற்பத்திரண்டு என்று அந்த எண் தன் இடத்துக்கு இறங்கி வந்தது. என் கவுண்ட் தானாகவே ஏறியது. பப்பாளி இலையாலா என்று அக்கா கேட்டதற்கு, "காய்ச்சல் போற வழியில தானா ஏறும்மா" என்றார் டாக்டரம்மா. அவ்வளவு கசப்பையும் சும்மாவா குடித்தேன் என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் காலை, பாவாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"பாவா, அன்னிக்கு நீங்க என் காலைப் புடிச்சப்போ..."

"இன்னா?"

"காலைப் புடிச்சீங்க இல்ல, அப்போ உங்க கை ஜில்லுனு இருந்தது."

"எது ஜில்லுனு?"

வேறு வழியில்லை. உரக்கச் சொன்னேன். "கை! ஜில்லுனு இருந்தது! எனக்குத் தெரிஞ்சது! ஆனா சொகமா இருந்துச்சுன்னு பேசாம படுத்துகினு இருந்தேன்! இன்னொரு காலையும் நீட்டினேன்!"

எதிர்க் கட்டிலில் இட்லியை வாய்க்குக் கொண்டுபோன அம்மாள் அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வாசலில் நின்ற நர்ஸும் பார்த்தார். கல்லூரியில் கடைசி பெஞ்சுக்குக் கேட்பதற்காகப் பழக்கிய குரல். அறை முழுவதும் கேட்டிருக்கும்.

பாவா நிதானமாக மென்று விழுங்கினார்.

"தெரியும்யா. நீ ரெண்டாவது காலை நீட்டின பாரு, அப்பவே தெரிஞ்சுச்சு. அடப்பாவி, அம்பது வருஷமா இதுக்காகத்தான் காத்துகினு இருந்தியான்னு."

"கோவம் வரலையா?"

"வந்துச்சு. கிள்ளலாம்னு பாத்தேன், விரல்ல தெம்பு இல்ல." சட்னியைக் காட்டினார். "தொட்டுக் குடு. வெறும் இட்லியைத் திணிக்காத."

அக்கா அவ்வளவு சீக்கிரம் ஆறவில்லை. சாப்பாடு போட்டாள், துணி துவைத்துப் போட்டாள், பேச்சு மட்டும் தேவைக்குத்தான். பிறகு ஒரு நாள் தன் சர்க்கரைப் பரிசோதனைத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். "எல்லா வரியும் படி. ஒண்ணு விடாத. நல்லா இருக்கு, ஊறியிருக்குன்னு கதை சொல்லாத. எவ்ளோ இருந்தது, இப்ப எவ்ளோ இருக்கு, அதை மட்டும் சொல்லு." அவள் என்னிடம் மறுபடி படிக்கக் கொடுத்ததே எனக்குப் போதுமாக இருந்தது. லேப்பின் விலாசம் வரைக்கும் வாசித்தேன்.

ஆனாலும் எனக்குள் ஆறவில்லை. அன்று மத்தியானம் அக்கா சமையலறையிலிருந்து இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால் என்ற எண்ணம், நல்ல நேரத்தில்தான் வந்து உட்காரும். பண்டிகைக்குப் பாவாவின் இலையில் முதலில் வடை விழும்போது வரும். அவர் யார் சட்டையையாவது பிடித்துத் தேய்க்கும்போது வரும்.

இப்போதெல்லாம் காலையில் நான் மாடியிலிருந்து இறங்கி வரும்போது பாவா ஜன்னலோரக் கட்டிலில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருப்பார். அது மறுபடி அவர் கட்டில்தான். நான் பக்கத்து நாற்காலியில் உட்காருவதற்கு முன், ஏதோ பேச்சுக்கு நடுவில் போல, அவர் கையைத் தொட்டுப் பார்ப்பேன். ஆரம்பத்தில் அவருக்குத் தெரியாமல் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவரே பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை என் பக்கம் நீட்டிவிடுகிறார்.

"புடிச்சுப் பாத்துட்டுக் காப்பியைக் குடி. ஆறிப்போவுது."

பிடித்துப் பார்க்கிறேன். சூடாக இருக்கிறது. அதன் பிறகுதான் உட்காருகிறேன்.